பொய்யைப் பார்த்துச் சிரித்த ஞாயிறுகள்

புரளியைக் கேலி செய்து பேசுவது ஒரு தொழிலா என்று கேட்டால், வருமானத்தை வைத்துப் பார்த்தால் இல்லை, வாங்கிய வசவை வைத்துப் பார்த்தால் முழுநேரத் தொழில்தான்.

குடும்பக் குழுவில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவுக்குக் கீழே ‘டாக்டர்கள் உங்களிடம் மறைக்கும் உண்மை’ என்று ஒன்று வந்து விழுகிறது. பதில் போடலாமா, போட்டால் பெரியப்பா கோபித்துக்கொள்வாரா என்று கட்டை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள். அப்படி உட்கார்ந்திருக்கும் சக நோயாளிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பதில் போட்டவன். மைக் வைத்துப் போட்டவன். திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பலராமன் என்றால் கடைத்தெருவில் நாலு பேருக்குத் தெரியும். ‘அப்படியாமே’ பலராமன் என்றால் அதைவிடக் கொஞ்சம் அதிகம் பேருக்குத் தெரிந்திருந்தது, ஒரு காலத்தில்.

ஆயிரம் நோட்டீஸ்

இந்தப் பழக்கம் எனக்கு போன் வந்த பிறகு வந்ததல்ல. தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, இவற்றுக்கு நடுவே மாதத்துக்கு ஒரு தடவை அந்த நோட்டீஸ் வரும். ஒரு அம்மன் கோயிலில் பாம்பு வந்து பேசியதாம். இதை ஆயிரம் பிரதி அச்சடித்துக் கொடுத்தவருக்குப் பத்து நாளில் நல்லது நடந்ததாம். கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினாராம். ஒரு தடவை திருச்சியில் ரத்தம் கக்கியவர் அடுத்த தடவை சேலத்தில் கக்குவார். “இந்த ஆளுக்கு ஒரு பஸ் பாஸ் எடுத்துக் குடுங்கப்பா” என்று நான் சொல்ல, அச்சுக் கோக்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒரு நாள் வானூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த நோட்டீஸை எடுத்து நீட்டி, இதேபோல ஆயிரம் வேண்டும் என்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஏம்மா, தொள்ளாயிரம் போட்டா அம்மன் எண்ணிப் பாத்துடுமா?” என்றேன். உள்ளே ஒரே சிரிப்பு. சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார். எட்டு வயதுப் பையனாம். அடிக்கடி வலிப்பு வருகிறதாம். பாண்டிச்சேரியில் பெரிய டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “எனக்கும் இது பொய்யின்னு தெரியும் தம்பி. மாத்திரைய குடுத்துட்டு மீதி நேரம் சும்மா உக்காந்துக்கினு இருக்க முடியல, அதான்.”

போர்வைக்குள் இரண்டு பேர்

அன்றைக்கே நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. இருபது வருஷம் கழித்து, எல்லார் கையிலும் போன் வந்து, நோட்டீஸ் அடிக்க ஆயிரம் பிரதி தேவையில்லை, ஒரு விரல் போதும் என்று ஆன பிறகு, எனக்குப் பழைய அரிப்பு திரும்ப வந்தது. கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வரும் பௌதிக ஆசிரியர் ஒருவர் உண்டு. பெயர் அப்பாண்டைராஜன், சொந்த ஊர் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர். நான் அவரை வாத்தியார் என்பேன். முட்டை பிளாஸ்டிக், அரிசி பிளாஸ்டிக், முட்டைக்கோஸ் பிளாஸ்டிக் என்று நான் போனில் காட்டுவதைப் படித்துவிட்டு, முகத்தில் ஒரு தசைகூட அசையாமல், “பலராமா, இவ்ளோ பிளாஸ்டிக்க இவ்ளோ மலிவா ஒருத்தன் செய்யறான்னா அவனுக்குத்தான்யா நோபல் பரிசு குடுக்கணும்” என்பார். இதை நாலு பேர் கேட்டால் நன்றாயிருக்குமே என்று தோன்றியது. பாட்காஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, ரேடியோ மாதிரிதான், நாமே பேசி நாமே போட்டுவிடலாம், வேண்டியவர்கள் வேண்டியபோது கேட்பார்கள் என்று கடைக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண் சொல்லிக்கொடுத்தாள். வாரம் ஒரு புரளியை எடுத்துக்கொள்வது, அதைச் சொல்லும் வீடியோவை ஓடவிட்டு நடுநடுவே நிறுத்திப் பேசுவது. நிகழ்ச்சிக்கு ‘அப்படியாமே’ என்று பெயர் வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாத்தியார் வீட்டு உள்ளறையில் பதிவு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற வீடு அது. அதற்குள் முடித்தாக வேண்டும். இரைச்சலும் எதிரொலியும் வராமல் இருக்க ஃபேனை நிறுத்திவிட்டு, தலைக்கு மேல் ஒரு கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட இரண்டு ஆண்கள் சிரித்துக்கொண்டிருப்போம். அடுக்களையில் குக்கர் விசில் அடிக்கும், அதுவும் பதிவாகிவிடும். நாலாவது வாரமே கேட்பவர்களிடமிருந்து, விசில் வருகிற இடம் சூப்பர் என்று கடிதம் வந்தது. அதை வாத்தியார் பெருமையாக வீட்டில் படித்துக் காட்டினார். அவர் மனைவி பத்மாவதி அண்ணி கரண்டியோடு வந்து போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உள்ள ரெண்டு பேரு, வெளிய ஒரு குக்கரு. மூணுல எது உருப்படியா ஒரு வேலை செய்யுதுன்னு நீங்களே சொல்லுங்க.”

டவரும் உப்பும்

சந்தோஷமான நாள்களும் இருந்தன. அவற்றையும் சொல்லாவிட்டால் நான் ஏன் ஆறு வருஷம் விடாமல் பேசினேன் என்று உங்களுக்குப் புரியாது. செல்போன் டவர் மேகத்தை விரட்டுகிறது, அதனால்தான் மழை இல்லை, இதை வெளிநாட்டுக்காரன் திட்டம் போட்டுச் செய்கிறான் என்று ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியார், மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, டவர் எவ்வளவு உயரம் என்று பொறுமையாகச் சொன்னார். நான் மேகமாக நடித்து, “ஐயோ, சிக்னல் வருது, ஓடுங்கடா” என்று கத்தினேன். அந்த வாரம் எங்களுக்கு ஏகப்பட்ட கடிதம்.

அடுத்த வாரம் மரக்காணத்திலிருந்து ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். காலில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு, நீங்கள்தானே அந்த மேகம் என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு மழை பெய்தால் பாத்தியில் கிடக்கிற உப்பெல்லாம் கரைந்து பத்து நாள் வேலை போய்விடுமாம். யாருக்கும் கேட்டுவிடாதபடி கல்லாப்பெட்டி மேல் குனிந்து அவர் சொன்னது: “டவரால மழை வராதுன்றது பொய்யின்னு சொல்லிட்டீங்க, சரி. நெஜமா இருந்தா எங்க ஊருக்கு ரெண்டு டவர் சேத்துப் போடச் சொல்லலாம்னு இருந்தேன் சார்.”

எதிர்க்கட்சிக்காரரின் உபசாரம்

நாங்கள் வாராவாரம் கிழித்த வீடியோக்களில் பாதி ஒரே ஆளுடையவை. கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, “இதைச் சொன்னதற்காக நாளை நான் உயிரோடு இல்லாமல் போகலாம்” என்று ஆரம்பிப்பார். மறுநாள் அடுத்த வீடியோவோடு வந்துவிடுவார். வெளிநாட்டில் எங்கேயோ ஒளிந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்து அவரும் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் என் இலைக்கு இன்னொரு ஜாங்கிரி போடச் சொன்னார். முன்பு டியூஷன் சென்டர் நடத்தினாராம். பிள்ளைகள் வராமல் போகவே இதில் இறங்கினாராம். “நீங்க சொல்றதயெல்லாம் நீங்களே நம்பறீங்களா?” என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், உங்கள் பெண்ணுக்கு வரன் பார்க்கிறீர்களா, உங்களுக்குச் சர்க்கரை உண்டா என்று அன்பாக விசாரித்தார். கை கழுவும் இடத்தில் என் தோளைத் தட்டி விடைகொடுத்தபோது சொன்னார்: “நீங்க என்னைத் திட்டற வாரமெல்லாம் எனக்குக் கூட்டம் கூடுது சார். ஆயுசோட இருங்க, தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க.”

இன்னா மாமா நீங்க

என் மனைவி வசந்தாவின் தம்பி ஏழுமலை. வானூர் பக்கம் மினி லாரி ஓட்டுகிறவன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையிலிருந்து கல்யாணப் பாத்திரம் வரை ஏற்றுவான். நல்லவன், யார் கூப்பிட்டாலும் ஓடுவான், யார் எது அனுப்பினாலும் நம்புவான். சர்க்கரை என்று ஒரு வியாதியே கிடையாது, மருந்துக் கம்பெனிக்காரன் கண்டுபிடித்த அளவுகோல்தான் வியாதி என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டான். எங்கள் வீட்டுக்கு வந்து எனக்கும் பாடம் எடுத்தான். “இன்னா மாமா நீங்க, இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?” என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படித்தான் ஆரம்பிப்பான். கேப்பைக் களியும் ஏதோ ஒரு கஷாயமும் போதுமாம்.

நான் அவனை உட்காரவைத்து டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போர்வைக்குள் போய் அவனைப்போலவே பேசிக் காட்டினேன். பெயர் சொல்லவில்லை, ‘ஒரு உறவினர்’ என்றுதான் சொன்னேன். வாத்தியார், “வேணாம்யா, வீட்டு ஆளு” என்றார். நான் கேட்கவில்லை. அந்த ‘இன்னா மாமா நீங்க’ அப்படிப் பிடித்துக்கொண்டது. கேட்பவர்கள் எல்லாம் கடிதத்தை அந்த வரியோடுதான் ஆரம்பித்தார்கள். அதற்காகவே வாராவாரம் உறவினரைக் கொண்டுவந்தேன். ஒரு நாள் டீக்கடையில் யாரோ போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, டீ கிளாஸோடு நின்ற ஏழுமலை தன் குரலைத் தானே கேட்டிருக்கிறான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களாம். இவனும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தானாம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, அவன் வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது என்பது மட்டும்தான். வேலை அதிகம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியிலிருந்து குதித்தபோது ஏதோ குத்தி, உள்ளங்காலில் ஒரு புண். அது ஆறவில்லை. துணி சுற்றி, அதன்மேல் செருப்பு மாட்டி, மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் ஓட்டியிருக்கிறான். காய்ச்சல் வந்து விழுந்த பிறகு தூக்கிக்கொண்டு போனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் என்றார் டாக்டர். எடுத்தார்கள். மூன்றாம் நாள் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டேன். வசந்தா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். அவன் கோபமே இல்லாமல் சொன்னான்: “சொல்லலாம்னுதான் இருந்தேன் மாமா. சொன்னா ஞாயித்துக்கிழமை அதையும் பேசுவீங்களேன்னு சொல்லல.”

விவரம் தெரிஞ்சவரு

அதன் பிறகு உறவினர் பாத்திரத்தை நிறுத்தினேன். நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் இனி எழுதப்போவது நடந்திருக்காது. ஊரெல்லாம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற புரளி கிளம்பியிருந்தது. போனைத் திறந்தால் யாராவது ஒரு குழந்தையின் படம், யாராவது ஒரு பிச்சைக்காரரின் படம். இதைச் சும்மா விடக்கூடாது என்று எனக்கும் வாத்தியாருக்கும் ஒரே எண்ணம். எதை வைத்து வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் பிள்ளை பிடிப்பவன் என்று சொல்லிவிடலாம் என்று காட்டுவதற்காக நான் ஒரு அறிவிப்பு எழுதினேன். கனமான குரலில், “பொதுமக்கள் கவனத்திற்கு. பிள்ளை பிடிப்பவனை அடையாளம் காண மூன்று வழிகள். ஒன்று, கையில் பிளாஸ்டிக் குடம் வைத்திருப்பான். இரண்டு, வழி கேட்பான். மூன்று, குழந்தையைப் பார்த்தால் சிரிப்பான். மூன்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்” என்று பேசினேன். உடனே வாத்தியார், “யோவ், போன வாரம் என் மாமனாரு குடத்தோட வந்து வழி கேட்டாரு, அவரையும் புடிச்சிக் குடுத்துடவா?” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அதுதான் நிகழ்ச்சி.

பத்து நாள் கழித்து கடைக்கு ஆதார் அட்டை பிரதி எடுக்க ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, “சார், உங்க வீட்டுல சின்னப் பசங்க இருந்தா இதக் கேளுங்க” என்று போனை நீட்டினார். பொதுமக்கள் கவனத்திற்கு என்று என் குரல். மூன்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம் என்று என் குரல். அங்கே முடிந்துவிட்டது. வாத்தியாரின் மாமனாரும் இல்லை, சிரிப்பும் இல்லை. யாரோ வெட்டியிருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. கறுப்புத் திரைக்காரரிடம் கேட்டேன், நான் இல்லை என்றார். நம்பினேன். அவராயிருந்தால் தன் பெயரைப் போட்டிருப்பார்.

மிஷினை நிறுத்தினேன். “அம்மா, இது நான் பேசினதும்மா. கிண்டலுக்காகப் பேசினது. பாதிய வெட்டிட்டு அனுப்பிக்கினு இருக்காங்க” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். போனைக் காதில் வைத்து இன்னொரு தடவை கேட்டார். பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: “உங்க குரல் மாதிரிதான் இருக்குது. ஆனா இதுல பேசறவரு விவரம் தெரிஞ்சவரு சார்.”

குடக்காரர்

அதே வாரம்தான் அது நடந்தது. செஞ்சிப் பக்கத்தைச் சேர்ந்தவர் தங்கராசு, ஐம்பது வயதுக்கு மேல். பழைய துணிக்கு பிளாஸ்டிக் சாமான் கொடுக்கிற வியாபாரம். மொபெட்டின் பின்னால் குடமும் பக்கெட்டுமாகக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். வழக்கமாகப் போகிற ஊரில் அன்றைக்குத் துணி சேரவில்லை என்று, பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு ஊருக்குள் திரும்பியிருக்கிறார். ஒரு குடத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு வாசலில் நின்று, அடுத்த தெருவுக்கு எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறார். வாசலில் ஒரு பெண்குழந்தை உட்கார்ந்து மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். குடம், வழி, சிரிப்பு. நான் எழுதிக் கொடுத்த மூன்றும்.

கரண்ட் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். அங்கன்வாடியில் சமைக்கிற அம்மா ஒருவர், பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு ஓடிவந்து கம்பத்துக்கு முன்னால் கைகளை விரித்து நின்றிருக்கிறார். “அடிக்கறதுன்னா மொதல்ல என்னை அடிங்கடா” என்றாராம். அவர் மேலும் இரண்டு அடி விழுந்த பிறகுதான் கூட்டம் நின்றிருக்கிறது. கடைக்கு வந்த ஒருவர் இதைச் சொன்னபோது, செத்துவிட்டாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இல்லை, இடது கையும் விலா எலும்பும் போச்சு என்று அவரே சொன்னார். கடையைப் பூட்டிவிட்டு வாத்தியாரைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்குப் போனேன். அந்தக் குரல் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தங்கராசுவின் முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி டம்ளரில் கஞ்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தலைமாட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார், அவ்வளவுதான். தங்கராசு, “வெட்டாதது இருக்குதா சார்? போடுங்க, கேப்போம்” என்றார். வாத்தியார் போட்டார். மாமனாரைப் பிடித்துக் கொடுக்கும் இடம் வந்ததும் தங்கராசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் விலா வலித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “நல்லாத்தான் சார் பேசிக்கிறீங்க” என்றார்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த அப்பாவைப் பார்க்க வந்த ஒரு குழந்தை, தன் அம்மாவின் தோள் மேலிருந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தங்கராசு அதைப் பார்த்தார். உடனே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எங்களைப் பார்க்காமலே சொன்னார்: “கை கூடிடும் சார். பசங்கள பாத்து சிரிக்கறதுக்குத்தான் இனிமே பயமா கீது.”

கடைசி ஞாயிறு

அந்த வாரம் போர்வை போட்டுக்கொள்ளவில்லை. ஃபேன் ஓடுகிற சத்தத்தோடு, வாத்தியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் பேசினேன். அந்த மூன்று அடையாளங்களை எழுதியது நான், அது கேலி, அதை வெட்டி அனுப்புகிறார்கள், அதனால் ஒருவர் கம்பத்தில் கட்டப்பட்டார், தயவுசெய்து அதை அனுப்பாதீர்கள், இதை அனுப்புங்கள். நாலு நிமிஷம்தான். ஒரு நகைச்சுவையும் கிடையாது. வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பத்மாவதி அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் நின்று கேட்டார்.

பிறகு ஒரு மாதம், தங்கராசுவை அடித்த ஊருக்கும் சுற்றியிருந்த ஊர்களுக்கும் நானும் வாத்தியாரும் நேரிலேயே போனோம். அந்த அங்கன்வாடி அம்மா எங்களோடு வந்தார். தெரு முனையில் நின்று வெட்டியதையும் முழுசையும் போட்டுக் காட்டினோம். சிலர் தலை குனிந்தார்கள். சிலர், அப்படியானால் உண்மையான பிள்ளை பிடிப்பவனுக்கு என்ன அடையாளம் என்று கேட்டார்கள். வாத்தியாருக்கு அன்றைக்கே மனசு விட்டுப்போயிற்று. இனி வகுப்பறை போதும், அங்கே பாதியில் வெட்டிக்கொண்டு போக முடியாது என்றார். நானும் அதன் பிறகு மைக்கைத் தொடவில்லை. ‘அப்படியாமே’ அந்த நாலு நிமிஷத்தோடு முடிந்தது. வெட்டிய அறிவிப்பு அதற்கப்புறமும் பல ஊர்களுக்குப் போய்வந்தது. என் நாலு நிமிஷம் எங்கேயும் போகவில்லை. எங்களை முதல் வாரத்திலிருந்து கேட்டுவந்த ஒரு நேயரிடமிருந்து மட்டும் ஒரு பதில் வந்தது: “இந்த வாரம் காமெடி கொஞ்சம் கம்மி சார், அடுத்த வாரம் சரி பண்ணிடுங்க.”

ஆறு வருஷம் பொய்யோடு மல்லுக்கு நின்றதில் பொய்க்கு ஒரு கீறல்கூட இல்லை, பட்ட அடியெல்லாம் பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான், அதில் பாதி என் வாயால் விழுந்தது.